சரிவுக்கு ஒரு பெயரடை

நவம்பர் 4, செவ்வாய்

"அப்ப நாங்க போகணுமா, இருக்கலாமா டீச்சர்?"

தெய்வானை இன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று அவளிடம் சொல்லவும் இல்லை. "தமிழ்ல எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. நான் இன்னும் முழுசாப் படிக்கல" என்றேன். அதற்குள் இரண்டு முறை படித்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு வருவாய் ஆய்வாளர் ஞானசேகர் வந்திருந்தார். செப்டம்பரில் மண்ணியல்காரர்கள் கீழ் லயத்துக்கு அடியிலுள்ள சரிவைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அவர்கள் ஆங்கிலத்தில் கொடுத்த அறிக்கை மூன்று பக்கம். அதில் அந்தச் சரிவை நான்கு தடவை 'அன்ஸ்டேபிள்' என்று குறித்திருக்கிறார்கள். அதைச் சுருக்கி அரைப்பக்கத் தமிழ் அறிவிப்பாக்கித் தர வேண்டும். கீழ் லயம் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மொத்தம் இருபத்திரண்டு. எஸ்டேட் மூடி ஒன்பது வருடம் ஆகியும் ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். தெய்வானையின் வீடு கடைசி வரிசையில்.

"மேடம், நீங்க டிக்ஷனரி போடுறவங்க. உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. ஒண்ணே ஒண்ணு, சனங்க பீதியாகக் கூடாது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க சொல்லவே இல்லைன்னும் ஆகக் கூடாது. நடுவுல ஒரு வார்த்தையாப் பாத்துப் போட்டுக் குடுங்க."

"அப்படி ஒரு வார்த்தை இருந்தா அதை வெச்சே நாட்டை நடத்திடலாமே."

"நடத்திட்டுத்தான மேடம் இருக்கோம்" என்றார். சிரித்தேன். அவர் போன பிறகு சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

நவம்பர் 5, புதன்

கல்லூரி வேலையை விட்டு இந்த மலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. பதிப்பகத்துக்காகக் கலைச்சொல் அகராதியைத் திருத்தும் வேலை ஆங்கில யு எழுத்துக்கு வந்திருக்கிறது. 'அன்ஸ்டேபிள்' என்ற இந்தச் சொல்லுக்கான அட்டை பத்து நாளாக மேசையில்தான் கிடக்கிறது.

நோயாளிக்கு வந்தால் 'கவலைக்கிடம்'. வேதிப்பொருளுக்கு 'நிலைப்பற்ற'. ஆட்சிக்கு 'ஆட்டம் காணும்'. மனிதருக்கு வந்தால் நம்மவர்கள் நேராகச் சொல்வதில்லை. 'அவளுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி' என்று நிறுத்திக்கொள்வார்கள். நாற்காலி என்றால் 'ஆடுது', அவ்வளவுதான். நிலத்துக்குத்தான் சரியாக ஒன்றும் அமையவில்லை. 'நிலையற்ற' என்று எழுதினால் சாவு வீட்டுப் பேச்சாகிவிடுகிறது. நிலையாமை எல்லோருக்கும் பொது. ஒரு சரிவுக்கு மட்டும் தனியாக எழுதித் தர அதில் ஒன்றுமில்லை.

அப்பாவின் புத்தகங்களில் பூசணம். இரண்டு அலமாரியைத் துடைத்து வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 8, சனி

தெய்வானை அரைமணி நேரம் தாமதம். கதவு திறக்கவில்லையாம்.

"உள்ளாற நாங்க மூணு பேரும் இழுக்கறோம், வரமாட்டேங்குது. கடேசில பக்கத்து வீட்டு அண்ணன் வெளிய இருந்து ஒதைச்சாரு. இந்த மாசத்துல ரெண்டாவது வாட்டி. இவரு இழைப்புளிய எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. ராத்திரி டூட்டி முடிச்சு வந்த மனுசன், படுக்கக்கூட இல்ல."

"மழைக்கு மரம் ஊதும்" என்றேன்.

"அவரும் அதத்தான் சொல்றாரு. நாலு வருசமா எல்லா மழைக்கும்தான் ஊதுது, இழைச்ச எடம் கோடையில சுருங்கக் காணோமேன்னு நான் கேட்டேன். ஒனக்கு என்னடி தெரியும், நீ தச்சனான்னாரு. நீ மட்டும் தச்சனான்னேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பதினோரு வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறாள். அம்மாவும் அப்பாவும் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்த்துக்கொண்டவள் அவள்தான். காப்பியைத் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து குடிப்பாள். அவளுடைய டம்ளர் கிணற்றடி மாடத்தில் இருக்கும். அம்மா வைத்த இடம். நான் எதையும் மாற்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டிருந்ததால் கீழ் லயம் வரை நடந்தேன். அறிவிப்பு எழுதுகிறவள் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

தெய்வானையின் கணவர் சந்தனம் வாசலில் கதவைச் சாய்த்து வைத்து இழைத்துக்கொண்டிருந்தார். காலடியில் சுருள் சுருளாக மரச்சீவல். "வாங்க டீச்சர். பாத்து வாங்க, வழுக்கும்" என்று எழுந்து நின்றார். பக்கத்து எஸ்டேட் தேயிலை பேக்டரியில் இரவுக் காவல் பார்க்கிறார். காலை ஆறு மணிக்கு வந்து படுத்தால் பத்தரைக்கு எழுந்து சாப்பிடுவார். பேச்சு அதிகமில்லாத ஆள் என்று நினைத்திருந்தேன். கதவைப் பற்றி நிறையப் பேசினார். அவருடைய அப்பா இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, இந்த வீடு கிடைத்த வருடம் போட்ட பலாக் கதவாம். மாட்டிச் சாத்திக் காட்டினார்.

"எப்பிடி, மெழுகாட்டம் போகுதா?"

கதவு சாத்திக்கொண்டது. ஆனால் மேல்மூலையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. கதவு நேராகத்தான் இருக்கிறது. நிலைச் சட்டம்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"வீட்டுக்கு வயசாச்சுங்க. எனக்கும்தான் ஒரு பக்கம் தோளு எறங்கிப் போச்சு."

பக்கத்து இரண்டு வீட்டிலும் கதவு விளிம்புகள் வெள்ளையாக, புதிதாக இழைத்தவை. லயத்துக்கு இருக்கும் ஒரே இழைப்புளி வீடு வீடாகச் சுற்றி வருகிறது.

போன முறை பெரிய மழைக்கு எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்களாம். பதினோரு நாள் கழித்துத் திரும்பினால் நான்கு வீடுகளில் எஸ்டேட் கம்பெனி போட்ட பூட்டு. "பூட்டுன வீடு பூட்டுன வீடுதான். கேஸ் கோர்ட்டுல நிக்குது, அவங்க மாமியா வீட்டுல நிக்கறாங்க" என்றார். அதனால் இந்தத் தடவை யாரும் வீட்டைக் காலியாக விடுவதாக இல்லை.

மகள் வினோதினி பிளஸ் டூ. கட்டில்மேல் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். அறிக்கையில் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அது எங்களுக்குப் பிசிக்ஸ்ல இருக்கு மிஸ். அந்த மாதிரி அணு ஒண்ணு எப்ப ஒடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்னிக்கா, ஆயிரம் வருசம் கழிச்சான்னே தெரியாது. ஆனா ஒடையும். அதையே எழுதிருங்களேன்."

"அறிவிப்புல அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க."

"ஏன் மிஸ்?"

டீ போடுகிறேன் என்றார்கள். இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

அறிவிப்பை முடித்தாயிற்று. 'நிலைத்தன்மை குறைந்த பகுதி' என்று எழுதினேன். ஞானசேகர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "குறைந்த. இது நல்லாருக்கு மேடம். இல்லைன்னும் சொல்லல, இருக்குன்னும் சொல்லல."

கடைசி வரியில் 'பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்று இருந்தது. அதில் பேனாவை வைத்துத் தட்டினார்.

"எந்த எடம்னு கேப்பாங்க மேடம். பள்ளிக்கூடத்துல பரீட்சை நடக்குது. மண்டபம் இன்னும் முடிவாகல. எடம் முடிவாகாம போங்கன்னு எப்படி எழுதறது?"

'விழிப்புடன் இருக்கவும்' என்று மாற்றிக் கொடுத்தேன். என் அகராதியில் 'அன்ஸ்டேபிள்' என்பதற்கு எதிரே என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அரைப்பக்க அறிவிப்புக்கு இதற்குமேல் யோசிப்பது அதிகம்.

நவம்பர் 12, புதன்

அறிவிப்பை லயத்துக் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வினோதினி சத்தமாகப் படித்துக் காட்டினாளாம். எல்லோருக்கும் புரிந்ததா என்று தெய்வானையிடம் கேட்டேன். அந்தச் சொல் அவர்களுக்குப் பழக்கமில்லாதது, அதைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

"புரியாம என்ன டீச்சர்? விழும்னு எழுதியிருக்கு. அது எங்களுக்கே தெரியும். எங்க போறதுன்னுதான் எழுதல."

பிறகு பின் அறையைத் துடைக்கப் போனாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

நவம்பர் 13, வியாழன்

பின் அறையைப் பற்றி எழுதிவைக்க வேண்டும்.

அது அண்ணன் குடும்பத்துக்கானது. இரண்டு கட்டில், தனிக் குளியலறை, முற்றத்துப் பக்கம் தனி வாசல். அவர்கள் கடைசியாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. டிசம்பரில் வந்தாலும் வரலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். ஒயரிங் பழையது, யாராவது ஹீட்டர் போட்டால் பிரச்சினை. மூன்று பேர் என்றால் சமையல் எங்கே. நான் தனியாக இருக்கத்தான் இங்கே வந்தேன். பேச்சுச் சத்தத்தில் எனக்கு வேலை ஓடாது. ஒருவரை வரச் சொல்லிவிட்டால் பிறகு போகச் சொல்ல முடியாது. அவளுக்கே சங்கடமாக இருக்கும். வேலை செய்கிற வீட்டில் குடியிருப்பது என்றால் முதலாளி, ஆள் என்ற கணக்கு குழம்பிவிடும். அவளுக்காகத்தான் யோசிக்கிறேன்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மூன்றாம் நாளாக விடாத மழை. லயத்துக்குப் பீலியில்தான் தண்ணீர், பாறையிலிருந்து குழாய் வழியே கொட்டும் ஊற்று. நேற்றிலிருந்து அது காப்பி நிறத்தில் வருகிறதாம். துணி வைத்து வடிகட்டிக் குடிக்கிறார்கள்.

காய் நறுக்கும்போது தெய்வானை, என் முகத்தைப் பார்க்காமல், "வினோதினிக்கு மார்ச்சுல பரீட்ச டீச்சர். அங்க ஒழுகுது. படிக்கிறதுக்கு மட்டும் எங்கயாச்சும் ஒரு எடம் இருந்தா..." என்றாள்.

"சாயந்திரம் ஸ்கூல்லயே உக்காந்து படிக்க விடுவாங்களே."

நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளினாள்.

"ஆமா டீச்சர். விடுவாங்க."

காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி மாடத்தில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 15, சனி

வேலை ஓடவில்லை. யு எழுத்தில் நாற்பது சொல் பாக்கி.

நவம்பர் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வராதவள் இன்று வந்தாள். எங்கள் கிணற்றில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன்.

கதவு மறுபடி மாட்டிக்கொண்டதாம். சந்தனம் இழைத்து இழைத்துத் தாழ்ப்பாள் இருந்த இடமே போய்விட்டது. இப்போது உள்ளே ஆணியடித்துக் கயிற்றால் கட்டுகிறார்கள்.

"இனிமே இழைக்க அதுல மரம் இல்ல டீச்சர். நாளைக்கு வீட்டத்தான் இழைக்கணும்" என்றாள். லயத்துக்குக் கீழே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் குடித்தவன் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவாம். தங்கச்சி வீட்டுக்குப் போகலாம் என்று அவள் சொன்னால், பூட்டு விழுந்துவிடும் என்கிறாராம் சந்தனம்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நானும் நின்றேன். பிறகு மழை வலுத்துவிடும் என்று போய்விட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

இன்றும் நாளையும் பள்ளிகளுக்கு விடுமுறை. பிற்பகல் முழுக்க ஒரே இரைச்சல். சன்னல் கண்ணாடியில் தண்ணீர் திரையாக இறங்குகிறது. எங்கள் வீடு பாறைமேல் கட்டியது. அப்பா அதை அடிக்கடி சொல்வார்.

இந்தச் சொல்லோடு இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். அறிவிப்பில் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவர்களுக்கு அது முதல் நாளே தெரியும். அவள் என்னிடம் கேட்டதும் சொல்லின் அர்த்தத்தை அல்ல.

கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிச் சொல்வது என்பதுதான். 'மழை விடற வரைக்கும் இங்க வந்து இருங்க' என்றால் மழை விட்டதும் போகச் சொல்வதாக ஆகும். 'வினோதினியை மட்டும் அனுப்பு' என்றால் மற்ற இருவரையும் அங்கேயே இருக்கச் சொல்வதாகிவிடும். 'மூணு பேரும் பின் ரூமுக்கு வந்துருங்க.' இவ்வளவுதான். ஆறு சொல்கூட இல்லை. சந்தனம் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்றால், பாயையும் பாத்திரத்தையும் அங்கேயே விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் வரட்டும். பூட்டுப் போட்டால் நானே தாலுகா ஆபீஸுக்குப் போகிறேன்.

நாளை காலை அவள் வந்ததும் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வெயில். ஒன்பது நாள் கழித்து வானம் நீலமாக இருந்தது. தெய்வானை ஏழரைக்கு வந்தாள். விடுமுறை என்பதால் வினோதினியும் கூட வந்தாள். அவள் சமையலறைப் படியில் வெயில் படும் இடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். தெய்வானை எல்லாத் துணியையும் நனைத்துக் காயப்போட்டாள். "அப்பாடா, விட்டுருச்சு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இனி அவசரம் இல்லை என்று தோன்றியது. சொல்லவில்லை.

எட்டரை மணிக்கு, "பின் ரூம ஒழிச்சு நல்லாத் தொடச்சுடு. மெத்தை ரெண்டையும் வெயில்ல போடு" என்று மட்டும் சொன்னேன்.

"யாராச்சும் வர்றாங்களா டீச்சர்?"

"பாக்கலாம்."

அறை தயாரான பிறகு காட்டிச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

வழக்கமாகப் பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சந்தனத்துக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்புவாள். இன்று பத்துக்கு வேலை முடியவில்லை. தூக்குவாளியை மகளிடம் கொடுத்து, "நீ போயி அப்பாவுக்குப் போட்டுட்டு வா. நான் இத முடிச்சுக்கறேன்" என்றாள். வினோதினி பென்சிலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடிப் படியில் வைத்தாள். "எடுத்துராதீங்க மிஸ், வந்துருவேன்" என்றாள்.

பத்தே கால் மணி இருக்கும், ஒரு சத்தம். கருங்கல் லாரியைக் கவிழ்ப்பது போல ஆரம்பித்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. தெய்வானை முற்றத்தில் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கும் வரை குச்சியை ஓங்கிய கையோடு நின்றாள். பிறகு ஓடினாள். நானும் பின்னால் போனேன். செருப்பு போட்டுக்கொண்டு போனேன் என்பது நினைவிருக்கிறது.

கடைசி இரண்டு வரிசையும் இல்லை. ஒன்பது வீடுகள்.

சந்தனத்தை இரண்டு மணிக்கு எடுத்தார்கள். கதவுக்குப் பின்னால் கிடந்தார். கயிற்றின் முடிச்சில் பாதி அவிழ்ந்திருந்ததாம். வினோதினியை நாலரைக்கு எடுத்தார்கள், வீட்டுக்கு இருபது அடி மேலே, பாதையில். தூக்குவாளி மூடி கழலாமல் அப்படியே இருந்தது. மற்ற வீடுகளிலிருந்து இதுவரை நான்கு பேர்.

ஞானசேகர் அங்கே சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அழுதிருந்தார். என்னைப் பார்த்ததும், "நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்ல மேடம். அதுல சொல்லியிருந்தோம்ல" என்றார். "சொல்லியிருந்தோம்" என்றேன்.

ஆறு மணிக்கு லயத்துப் பெண்கள் இரண்டு பேர் தெய்வானையை என் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அவளுக்குப் போக வேறு இடமில்லை. அதில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேலைக்கு நிறுத்தி வெச்சதாலதான் டீச்சர் இவ உசுராச்சும் மிஞ்சுச்சு. இல்லைன்னா இந்நேரம் இவதான் சோறு கொண்டுக்கிட்டுப் போயிருப்பா" என்றாள். நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

பின் அறைக்கு அழைத்துப் போனேன். தரை காய்ந்திருந்தது. கட்டில் இரண்டிலும் அவளே விரித்த வெள்ளை விரிப்பு. மூன்றாவதாக ஒரு பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. காலையில் நான் எடுத்துக் கொடுத்தது. உள்ளே வராமல் வாசலில் நின்று அவள் அதையே பார்த்தாள்.

"யாருக்கு டீச்சர் இந்த ரூம ஒழிக்கச் சொன்னீங்க?"

"அண்ணன் வர்றதா இருந்தது" என்றேன்.

தலையை ஆட்டினாள். "அவங்க வர்றதுக்குள்ள நான் போயிர்றேன் டீச்சர்" என்றாள்.